பாதியில் நின்ற படிப்புக்கு சரண்டர் வேல்யூ உண்டா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு நேயர் கேட்டிருந்தார். "தினமும் அரை மணி நேரம் இங்கிலீஷுக்கு ஒதுக்குறேன். கொஞ்சம் வாசிக்கிறேன், கொஞ்சம் எழுதுறேன், கிராமர் பயிற்சி போடுறேன். இதுல எதை முதல்ல பிடிக்கணும்?" அப்படின்னு. நான் இங்கிலீஷ் வாத்தியார் கிடையாது. இது சரித்திரம் பேசுற நிகழ்ச்சி. ஆனா இந்தக் கேள்விக்கே ஒரு சரித்திரம் இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னால டாக்காவில் ஒருத்தர் இதே கேள்வியை எடுத்துக்கிட்டுப் பல வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டார். இன்னிக்கு அவர் கதைதான்.

அதுக்கு முன்னால எங்க பெரியப்பா கதை. அவர் எட்டாம் கிளாஸோட நின்னவர். குடும்ப நிலைமை, வேலைக்குப் போயாகணும். எழுபது வயசுலயும் அவர்கிட்ட இங்கிலீஷ்னு சொன்னா உடனே ஒப்பிப்பார்: "ராமா கில்ட் ராவணா. ராவணா வாஸ் கில்ட் பை ராமா." செய்வினை, செயப்பாட்டுவினை. சுத்தமாகச் சொல்வார், ஒரு தப்பு இருக்காது. ஆனா பாங்க்குக்குப் போனா செலானை யாராவது படிச்சவங்ககிட்ட நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடு"ம்பார். ராவணனைக் கொல்லத் தெரிஞ்ச இங்கிலீஷுக்கு நூறு ரூபாய் பணம் கட்டத் தெரியலை. இதை நான் கேலியாகச் சொல்லலை. எத்தனை வருஷம் பெஞ்சுல உட்கார்ந்திருக்கார், எத்தனை அடி வாங்கியிருக்கார்! கையில மிஞ்சினது ரெண்டு வாக்கியம்.

இப்போ டாக்காவுக்கு வருவோம். மைக்கேல் வெஸ்ட் 1888-ல் பிறந்த ஆங்கிலேயர். 1912-ல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தார். பிறகு டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். டாக்கா இன்றைக்கு வங்கதேசத்தின் தலைநகரம். அன்றைக்குப் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பெரிய ஊர்.

அவர் வந்தபோது இங்கிலீஷ் பாடம் எப்படி இருந்ததுன்னு புரிஞ்சுக்கணும்னா கொஞ்சம் பின்னால போகணும். 1835-ல் மெக்காலேயின் குறிப்பு, 1854-ல் உட்ஸ் டெஸ்பாட்ச், 1857-ல் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூணு ஊர்லயும் பல்கலைக்கழகம். இந்த வரிசை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். இதுல நம்ம கதைக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு. பல்கலைக்கழகம் வந்தவுடனே அதுக்கு ஒரு நுழைவுத் தேர்வும் வந்தது. பள்ளிக்கூடம் முழுக்க அந்தத் தேர்வை நோக்கிச் சாத்தி வைத்த ஏணி மாதிரி ஆயிடுச்சு. உச்சிக்குப் போனவனுக்கு உத்தியோகம். நடுப்படியில இறங்கினவனுக்கு? பெரும்பாலான பிள்ளைகள் நடுப்படியில இறங்கினவங்கதான். அறுவடை வந்தா இறங்கணும், அப்பா செத்தா இறங்கணும், ஃபீஸ் கட்ட முடியலைன்னா இறங்கணும்.

வெஸ்ட் கண்ணுல பட்டது இந்த நடுப்படிப் பையன்தான். அவர் கேட்ட கேள்வி இன்சூரன்ஸ் பாஷையில இருந்தது. பாலிசி எடுத்தவர் முழுத் தவணையும் கட்டி முடிச்சா முழுப் பணம். பாதியில நிறுத்தினா? ஏஜென்ட்டைக் கேட்டா சொல்வார், "சார், மூணு வருஷம் கட்டியிருந்தீங்கன்னா சரண்டர் வேல்யூ இவ்வளவு வரும்"னு. அதே மாதிரி, ஒரு பாடத்தைப் பாதியில் விட்டவனுக்கு, அவன் படிச்ச அளவுக்குத் தக்கபடி கையில ஏதாவது கிடைக்குதா? இதை அவர் பாடத்தின் 'சரண்டர் வேல்யூ' என்றே சொன்னார். வங்காளத்தின் இருமொழிக் கல்வி பற்றி அவர் எழுதி 1926-ல் இந்திய அரசு வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சொல் வருது. அவர் பார்த்த வரைக்கும், நாலு வருஷம் இங்கிலீஷ் படிச்சுட்டு நின்ன பையனுக்கு சரண்டர் வேல்யூ கிட்டத்தட்ட பூஜ்யம். பேச வராது, எழுத வராது, ஒரு புத்தகத்தைத் தானா வாசிக்கவும் வராது. பெயர்ச்சொல்லுக்கு விளக்கம் மட்டும் சொல்வான்.

வாசிப்பு, எழுத்து, பேச்சு, இலக்கணம் இந்த நாலுல எதுக்குச் சீக்கிரம் சரண்டர் வேல்யூ வரும்? வெஸ்ட் சொன்ன பதில், வாசிப்பு. அவருடைய காரணங்கள் ரொம்ப நடைமுறையானவை. பேசிப் பழக எதிர்ல ஆள் வேணும். கிராமத்துல இங்கிலீஷ் பேச யார் இருக்கா? வாத்தியாருக்கே சரளமா வராது. எழுதினதைத் திருத்தவும் ஒரு ஆள் வேணும், அறுபது நோட்டை யார் திருத்துவது? வாசிக்க மட்டும் ஒரு புத்தகம் போதும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ன பிறகும் அந்தப் பயிற்சி தொடரும். முக்கியமா, கொஞ்ச வார்த்தை தெரிஞ்சாலே ஒரு கதையை முடிச்ச திருப்தி வரும். அந்தத் திருப்தி அடுத்த கதைக்கு இழுத்துக்கிட்டுப் போகும்.

ஆனா எதை வாசிப்பது? இங்கேதான் அவர் உட்கார்ந்து வேலை செஞ்சார். அன்றைய ரீடர் புத்தகங்களைப் பிரிச்சுப் பார்த்தா ரெண்டு குறை. ஒண்ணு, பழைய கவிதை வார்த்தைகள். தீவுக்கு 'ஐலண்ட்' என்று சொல்லாம 'ஐல்'. ஒன்றுமில்லை என்பதற்கு 'நத்திங்' இல்லாம 'நாட்'. 'பிஃபோர்' இருக்க வேண்டிய இடத்துல 'இயர்'. நம்ம ஊர்ல தமிழ் புதுசாக் கத்துக்க வந்த ஒருத்தருக்கு 'வீடு' சொல்லித்தராம 'மனை', 'இல்லம்', 'உறையுள்' சொல்லித்தந்தா எப்படி இருக்கும், அந்தக் கூத்துதான். ரெண்டாவது குறை, புது வார்த்தைகள் கூட்டம் கூட்டமா வந்து மோதும். ஒரு வரியில மூணு. வந்த வார்த்தை மறுபடி வரவே வராது.

இந்தப் புத்தகங்களை வெஸ்ட் திருத்தி எழுதினார். அரிய வார்த்தைகளைத் தூக்கிட்டுப் புழக்கத்துல இருக்கறதைப் போட்டார். புது வார்த்தைகளுக்கு நடுவுல இடைவெளி விட்டார். ஏறக்குறைய ஐம்பது வார்த்தை ஓடினா ஒரு புது வார்த்தை. அந்தப் புது வார்த்தையும் வந்த பத்தியிலேயே குறைஞ்சது மூணு தடவை திரும்ப வரணும், அப்புறமும் அடிக்கடி தலைகாட்டணும். இப்படித்தான் லாங்மன்ஸ் வெளியிட்ட 'நியூ மெத்தட் ரீடர்ஸ்' வரிசை உருவானது. வங்காளத்துல பிறந்த இந்தப் புத்தகங்கள் பிரிட்டிஷ் ஆட்சி இருந்த பல நாடுகளுக்குப் போச்சு. இன்னிக்குக் கடையில 'நிலை ஒன்று, நிலை இரண்டு'ன்னு அட்டையில போட்டுச் சுருக்கிய கதைப் புத்தகங்கள் விற்குது இல்லையா, அதுக்கெல்லாம் இது ஒரு பாட்டன்.

இதோட அவர் நிற்கலை. பையன் தனியா வாசிக்கிறான், ஒரு வார்த்தை புரியலை, அகராதியைப் பார்க்கிறான். அகராதி அந்த வார்த்தைக்கு அதைவிடக் கஷ்டமான மூணு வார்த்தையில அர்த்தம் சொல்லுது. இது நமக்கெல்லாம் நடந்திருக்கு. அதனால சீனாவில் பணியாற்றிய கனடா மிஷனரி ஜேம்ஸ் எண்டிகாட்டோடு சேர்ந்து 1935-ல் ஒரு அகராதி வெளியிட்டார். சுமார் 24,000 சொற்கள், சொற்றொடர்களுக்கு அர்த்தம். அந்த அர்த்தம் அத்தனையும் வெறும் 1,490 வார்த்தைக்குள்ளேயே எழுதப்பட்டது. அந்த 1,490 தெரிஞ்சவனுக்கு மத்ததெல்லாம் திறக்கும். இங்கிலீஷ் படிக்கிற அயல்மொழிக்காரங்களுக்காகவே இங்கிலீஷிலேயே எழுதப்பட்ட அகராதிகளின் வரிசை இங்கேதான் தொடங்குது. கொஞ்ச வருஷத்துல, ஜப்பான்ல வாத்தியாரா இருந்த ஏ. எஸ். ஹார்ன்பியும் அவர் நண்பர்களும் இன்னொண்ணு தயாரிச்சாங்க. உலகப் போர் நடுவுல 1942-ல் டோக்கியோவில் அச்சாகி, 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபடி வெளியிட்ட புத்தகம். நம்ம வீடுகள்ல அட்டை கிழிஞ்சு கிடக்குமே, ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், அதோட முதல் வடிவம் அதுதான்.

வார்த்தைகளைக் குறைக்கிறதுன்னு சொன்னதும் சில பேருக்கு இன்னொரு பெயர் ஞாபகம் வரும். சி. கே. ஆக்டன், 1930-ல் வந்த 'பேசிக் இங்கிலீஷ்'. மொத்தமே 850 வார்த்தை, அதுல வினைக்கு உதவுறது பதினெட்டுதான். கேட்க ஆசையா இருக்கும். ஆனா அதுல ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. 'சரண்டர்' என்ற ஒரு வார்த்தையைத் தூக்கிட்டு 'கிவ் அப்'னு சொல்லுன்னா, 'கிவ்'வும் 'அப்'பும் தெரிஞ்சவனுக்கு அர்த்தம் வந்துடுமா? கிவ் அப், கிவ் இன், கிவ் அவே ஒவ்வொண்ணும் தனித்தனி வார்த்தை மாதிரிதான் மனசுல ஏறணும். வெஸ்ட் இந்தத் திட்டத்தைக் கடுமையா விமர்சிச்சார். பேசிக் இங்கிலீஷ் கொஞ்ச காலம் பரபரப்பா இருந்து அடங்கிடுச்சு. வெஸ்ட் தொகுத்து 1953-ல் வெளியான சுமார் 2,000 சொற்களின் பட்டியல், 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்', பல பத்தாண்டுகள் பாடநூல் எழுதறவங்க மேஜையில இருந்தது. எந்த வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு மட்டுமில்லை, அதோட எந்த அர்த்தம் நூத்துக்கு எத்தனை தடவை வருதுன்னும் அதுல கணக்கு இருக்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல ஆட்கள் உட்கார்ந்து எண்ணின கணக்கு.

சரி, வெஸ்ட்டைத் தலையில தூக்கி வெச்சு ஆடணுமா? வேண்டாம். இந்தியப் பையனுக்கு வாசிப்பு போதும், பேச்சு அவ்வளவு அவசரமில்லைன்னு முடிவு பண்ணினது ஒரு காலனி அதிகாரி. பேசத் தெரிஞ்சவன் எதிர்த்துப் பேசுவான் என்ற பயம் அவர் மனசுல இருந்ததுன்னு நான் சொல்ல வரலை. ஆனா யார் எதைக் கத்துக்கணும்னு இன்னொருத்தர் தீர்மானிக்கிற நாற்காலியில அவர் உட்கார்ந்திருந்தார். அதே காலத்துல ஜப்பானில் ஹெரால்ட் பாமர், முதல்ல காதும் வாயும் பழகட்டும், வாசிப்பு பிறகு வரட்டும்னு வேலை செஞ்சுக்கிட்டிருந்தார். இன்னிக்கு இன்டர்வியூவில் வாய் திறக்க முடியாம வேலையை இழக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறப்போ பாமர் பக்கமும் நியாயம் இருக்குன்னு தோணுது.

அதே இந்தியக் கல்விப் பணியில் இருந்த இன்னொரு ஆளையும் சொல்லிடுறேன். பி. சி. ரென். 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை 1924-ல் எழுதிப் பெரும் புகழ் அடைஞ்சவர். நமக்கு அவர் 'ரென் அண்ட் மார்ட்டின்'. 1930களில் வந்த அந்த இலக்கணப் புத்தகம் இன்னும் விற்பனையில இருக்கு. வெஸ்ட் பெயர் யாருக்கும் தெரியாது, ரென் பெயர் தெரியாத வீடு கிடையாது. அந்தப் புத்தகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஓரளவு வாசிச்சு, மொழி காதுல விழுந்த பிறகு அதைப் புரட்டினா, "ஓ, இதுக்கு இதுதான் விதியா"ன்னு விளக்கு எரியும். மொழி ஒண்ணுமே தெரியாதவன் கையில அது அதே 'ராவணா வாஸ் கில்ட்'தான்.

இப்போ நம்ம ஊருக்கு வர்றோம். 1960-ஐ ஒட்டிய வருஷங்கள்ல மெட்ராஸ் மாநிலத்துல ஒரு பெரிய முயற்சி நடந்தது. இங்கிலீஷ் ஆரம்பிக்கிற பத்து வயசுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற 27,000 ஆசிரியர்களை மறுபடி பயிற்றுவிக்கிற திட்டம். கொஞ்சம் பேருக்குப் பயிற்சி கொடுப்பது, அவங்க இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவங்க இன்னும் நிறைய பேருக்கு. உருள உருளப் பெருசாகிற பனி உருண்டை மாதிரி. அதனால 'மெட்ராஸ் ஸ்னோபால்'னே பெயர். மெட்ராஸ் வெயில்ல பனி உருண்டை! பெயர் வெச்சவருக்கு ஊர் தெரியாதோ என்னவோ. பாடமுறை, வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொண்ணா வாயால திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறது. 'திஸ் இஸ் எ புக்', 'தட் இஸ் எ புக்'. உங்கள்ல பல பேர் அந்தக் கோரஸ்ல கத்தியிருப்பீங்க. இலக்கண விளக்கத்தை ஒப்பிக்கிறதைவிட இது ஒரு படி மேல்தான். ஆனா உருண்டை உருள உருள, கடைசி வகுப்பறைக்கு வந்து சேர்ந்தபோது கோரஸ்தான் மிஞ்சினது, அர்த்தம் வழியிலேயே கரைஞ்சிடுச்சுன்னு எனக்குத் தோணுது.

கிட்டத்தட்ட அதே நேரத்துல, 1960-ல் வெஸ்ட் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். 'கடினமான சூழ்நிலைகளில் ஆங்கிலம் கற்பித்தல்' என்று தலைப்பைத் தமிழ்ல சொல்லலாம். கடினமான சூழ்நிலைன்னா என்ன? நெருக்கியடிச்சு பெஞ்சுல உட்கார்ந்த பெரிய வகுப்பு, வெவ்வேறு தரத்துல பிள்ளைகள், இங்கிலீஷ் சரியா வராத வாத்தியார், புழுக்கம். அதாவது நம்ம வகுப்பறை. நம்ம நேயர் கேட்ட கேள்விக்கு நேரடியா உதவுற ஒரு பயிற்சி அதுல இருக்கு. புத்தகத்தைக் கையில பிடி. ஒரு வாக்கியத்தை, நீளமா இருந்தா அதுல ஒரு துண்டை, மனசுக்குள்ள வாசி. தலையை நிமிர்த்து. எதிர்ல இருக்கிறவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லு. கண் புத்தகத்துல இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. செஞ்சு பாருங்க. எழுத்துக் கூட்டி வாசிக்கிற வரைக்கும் அர்த்தம் தேவையில்லை. கண்ணை எடுத்துட்டா, அர்த்தம் புரிஞ்சாத்தான் வாக்கியம் வாயில நிக்கும். எதிர்ல ஆள் இல்லைன்னா கண்ணாடி போதும். சொன்னதையே பார்க்காம ஒரு தாள்ல எழுதி, அப்புறம் புத்தகத்தோட ஒப்பிட்டுப் பார்த்தா எழுத்துப் பயிற்சியும் ஆச்சு, கிராமரும் ஆச்சு. இந்த எழுதுற பகுதி வெஸ்ட் சொன்னது இல்லை, நான் சேர்த்தது.

கதையின் கடைசி ஆள் என். எஸ். பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலில், மெட்ராஸில் பணியாற்றியவர். வாக்கிய அமைப்பு வரிசை மேல பல ஆசிரியர்களுக்கு அலுப்பு வந்திருந்த நேரம். வகுப்புல அமைப்பு சரியா வருது, வெளியில வந்தா வரமாட்டேங்குது. 1979-லிருந்து 1984 வரை பெங்களூர், மெட்ராஸ், கடலூர் போன்ற ஊர்களின் பள்ளிகள்ல பிரபுவும் சில ஆசிரியர்களும் ஒரு சோதனை நடத்தினாங்க. இலக்கணப் பாடமும் இல்லை, கோரஸும் இல்லை. ஒவ்வொரு வகுப்புலயும் ஒரு வேலை. ரயில் கால அட்டவணை, ஊரின் வரைபடம், இந்த மாதிரி. காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள்ள போய்ச் சேரணும்னா எந்த வண்டி? முதல்ல வாத்தியார் வகுப்போட சேர்ந்து ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவார். அப்புறம் அதே மாதிரி இன்னொண்ணைப் பிள்ளைகள் தனித்தனியா செய்யணும். பையன் தமிழ்ல பதில் சொன்னாலும் பரவாயில்லை; வாத்தியார் அதையே இங்கிலீஷ்ல திருப்பிச் சொல்லிட்டுப் போவார். மனசு அர்த்தத்துல மூழ்கியிருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் வாதம்.

பலன்? வெளியிலிருந்து பெரெட்டா, டேவிஸ் இருவரும் வந்து மதிப்பிட்டு 1985-ல் முடிவை வெளியிட்டாங்க. வாக்கிய அமைப்பைத் தனியாக் கேட்ட தேர்வுல பழைய முறைப் பிள்ளைகள் சளைக்கலை. வாசிச்சுப் புரிஞ்சுக்கிறது போன்ற தேர்வுகள்ல இந்தப் பிள்ளைகள் கை ஓங்கியிருந்தது. ஆதரவான முடிவுதான், ஆனா ஜாக்கிரதையா சொல்லப்பட்ட முடிவு. பின்னால 1990-ல் பெரெட்டாவே இன்னொண்ணும் காட்டினார்: அந்தப் பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்கள் பலருக்கு இந்த முறை முழுசாப் பிடிபடவில்லை. அவங்களைக் குறை சொல்லி என்ன பண்றது? பையன் எந்தப் பக்கம் போவான்னு தெரியாத வகுப்புல, உடனுக்குடன் இங்கிலீஷ்ல சமாளிக்கணும். அவங்களும் அதே கோரஸ்ல படிச்சு வந்தவங்கதானே.

ரயில் அட்டவணைன்னதும் எனக்கு மறுபடி பெரியப்பா ஞாபகம். பள்ளியை விட்டு நின்னவர் லாரி புக்கிங் ஆபீஸ்ல மூட்டை ஏத்தி இறக்குற வேலைக்குத்தான் சேர்ந்தார். பெட்டி மேல 'திஸ் சைட் அப்', 'ஹேண்டில் வித் கேர்'னு எழுதியிருக்கும். தப்பா இறக்கினா சம்பளத்துல பிடிப்பாங்க. எல்.ஆர். ரசீதுல சரக்கின் பெயர், எத்தனை உருப்படி, எந்த ஊர், யார் பெயருக்கு. முதலாளி வராத நாள்ல இவரே படிச்சாகணும். ரெண்டு மூணு வருஷத்துல வந்த ரசீதையெல்லாம் படிச்சார். அப்புறம் எழுதவும் ஆரம்பிச்சார். அவர் எழுதின பழைய ரசீதுப் புத்தகம் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. 'டூ பாக்ஸ் டேமேஜ்ட், ரிசீவ்ட் இன் வெட் கண்டிஷன்'னு நீல மையில எழுதியிருக்கார். 'பாக்ஸ்' பன்மையில இல்லை. சரக்கு நஷ்டத்துக்கு அந்த ஆபீஸ் பணம் கட்ட வேண்டி வராம காப்பாத்தினது அந்த வரிதான்னு அவர் சொல்வார்.

பாங்க் செலான் மட்டும் கடைசி வரைக்கும் அவர் எழுதலை. ஒரு தடவை கேட்டேன். "அது கட்டத்துக்குள்ள எழுதணும்டா, தப்பு வந்தா அடிச்சுத் திருத்த முடியாது"ன்னார்.